ஐப்பசியில் உதிர்வது

ஐப்பசி பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் டீக்கடையில் நின்றாலும் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “அணையில எத்தன அடி?” வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கும் செய்தி பறக்கும். 1959 ஜனவரி 21 அன்று காமராஜர் திறந்துவைத்த அணை இது. அன்றிலிருந்து அணையின் முழு மட்டமான 71 அடிக் கணக்குதான் பெரியவர்களின் ஐப்பசி.

அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகளின் ஐப்பசி வேறு. அவர்கள் நிமிர்ந்து நின்றாலே மூன்றே முக்கால் அடி உயரம்தான். குத்தவைத்து உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்கும் தரைக்கும் இடையே இரண்டடி இருந்தால் அதிகம். மழை விட்ட காலையில், பள்ளி மைதானத்தின் வேலியோரத்தில், அந்த இரண்டடிக்குள் படைத்தவன் நடத்துகிற காரியங்களை நிதானமாகப் பார்த்தால் 71 அடி அணை கொஞ்சம் சின்னதாகத் தெரியும். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

பருவங்களைக் காட்டும் வண்ண அட்டை ஒன்று பல பள்ளிகளில் சுவரில் தொங்கும். நான்கு படங்கள். ஒன்றில் பனி கொட்டும். இன்னொன்றில் மரமெல்லாம் செக்கச்செவேலென்று நிற்க, ஸ்வெட்டர் போட்ட குழந்தை உதிர்ந்த இலைகளின் நடுவே ஓடும். அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கான படம் அதுதான். அதே அக்டோபரில் அணைக்கு அருகே ஆண்டிபட்டிப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு சிவந்த மரம்கூடத் தென்படாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. சுவரில் இருப்பது பொய்யா, ஜன்னலில் இருப்பது பொய்யா என்று அந்தப் பிள்ளை கேட்பதில்லை. கேட்டால் நல்லது.

இரண்டுமே மெய். குளிர்நாட்டு மரத்துக்குப் பனிக்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துபோகும். வேர் உறிஞ்ச ஒன்றும் இராது. இலையோ நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்ற வீட்டில் செலவை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். பகல் குறுகத் தொடங்கியதுமே மரத்துக்குச் சேதி தெரிந்துவிடும். இலையிலுள்ள பச்சையம் சிதையும். அதுவரை பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்கள் கடைசி நேரத்தில் சிவப்பைப் புதிதாகவே தயாரிக்கும். இலைக்காம்பின் அடியில் தனியாக ஒரு செல் அடுக்கு இருக்கிறது. பிரிவதற்கென்றே வைக்கப்பட்ட இடம் அது. அங்கே செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை கரைகிறது. மரத்தின் பக்கம் தக்கையால் மூடப்படுகிறது. இலை விழுந்த இடத்தில் புண்ணும் இல்லை, நீர்க்கசிவும் இல்லை. விழுவதற்கு முன் இலையிலிருந்த நைட்ரஜனில் ஏறத்தாழ பாதியை மரம் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். நாம் பார்ப்பது வெறும் கூடு விழுவதைத்தான்.

நம்மூர் மரங்களுக்கும் அதே வித்தை தெரியும். அவற்றுக்கு அச்சம் பனியல்ல, வறட்சி. அதனால் இங்கே இலையுதிர்வது தை, மாசி, பங்குனியில். போடிநாயக்கனூர்ப் பக்கம் அந்த மாதங்களில் போனால் இலவ மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல், காய்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். போடியின் இலவம்பஞ்சு வியாபாரம் அந்த மொட்டைக் கிளைகளில்தான் தொடங்குகிறது. சிவந்த இலை வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் வழியுண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பாதாம் மரம் நிற்கும். நாட்டு வாதுமை என்பது அதன் முறையான பெயர். மற்ற மரங்களெல்லாம் பச்சையாக இருக்கும்போதுகூட அடியில் இரண்டொரு செக்கச்சிவந்த இலைகளைப் போட்டுவைத்திருக்கும். சுவரட்டையில் இருக்கும் வேதியியல் முழுக்க அந்த ஓர் இலைக்குள் இருக்கிறது.

ஐப்பசியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் நிமிர்ந்து மலைகளைப் பார்க்க வேண்டும். அணைக்கரையில் நின்றால் வடக்கே கொடைக்கானல் மலை, மேற்கே போடி மலை, தெற்கே வருசநாடும் மேகமலையும். மூன்று பக்கமும் சுவர். ஜூனில் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை இந்தச் சுவரில் ஏறி இறங்குவதற்குள் இளைத்துவிடும். கம்பம், கூடலூர் வரை சாரலாக வந்து முகத்தில் தெளிக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்று மட்டும்தான் வரும். அந்த மழையின் தண்ணீரை மலைக்கு அப்பால் பென்னிகுவிக் 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணை பிடித்துவைத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் அனுப்புகிறது. அதனால் ஆற்றில் தண்ணீர் ஓடும். காடு காய்ந்து கிடக்கும். மானாவாரிக் காட்டுக்கும் வேலியோரப் புல்லுக்கும் உயிர் வருவது அக்டோபர் 20 வாக்கில் தமிழகத்தில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில்தான். தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. குளிர்நாட்டில் எல்லாம் கதவைச் சாத்துகிற மாதத்தில் இங்கே எல்லாம் கதவைத் திறக்கிறது.

முதலில் வருவது வாசனை. மழை விழும் முன்பே வகுப்பறையில் யாராவது ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மழ வருது டீச்சர்” என்று சொல்லிவிடும். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனையின் உயிர். லட்சம் கோடியில் ஐந்து பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். எங்கோ தள்ளிப் பெய்யும் மழையின் துளி மண்ணில் விழும்போது அடியில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன; அவை துளிக்குள் மேலேறி வெடிக்கும்போது நுண்ணிய திவலைகள் வாசனையைச் சுமந்துகொண்டு காற்றில் ஏறுகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015-இல் அதிவேகக் கேமரா வைத்து இதைப் படம் பிடித்தார்கள். ஜியோஸ்மினை நுகர்ந்து வருபவர்கள் நாம் மட்டுமல்ல. மண்ணில் துள்ளும் வில்வால் பூச்சிகள் அந்த வாசனையைத் தேடி வந்து நுண்ணுயிரைத் தின்கின்றன. தின்ற கூலிக்கு அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டுபோய் வேறிடத்தில் பரப்புகின்றன. நமக்கு மனசு நிறைகிற மண்வாசனை, மண்ணுக்குள் யாரோ யாருக்கோ விடுகிற அழைப்பு. நடுவில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மழை விட்ட மறுநாள் காலை ஒன்றாம் வகுப்பை வெளியே அழைத்து வந்த ஒரு டீச்சரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் வேலியோரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கூச்சல் கிளம்பும்.

“டீச்சர், இங்கிட்டு வாங்க! செவப்பா ஒண்ணு ஊருது!”

“கடிக்குமா டீச்சர்?”

“கடிக்காதுடா கண்ணு. கையில எடுக்காம குனிஞ்சு பாரு. கால எண்ணு.”

“ஆறு!”

“இல்ல, எட்டு!”

எட்டுதான். வெல்வெட்டுப் பூச்சி என்று நாம் சொல்லுகிற, சில ஊர்களில் தம்பலப்பூச்சி என்றழைக்கப்படுகிற அந்தச் சிவப்பு உயிர் உண்மையில் பூச்சியே அல்ல. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் உறவு. உடம்பெங்கும் நெருக்கமாக நின்ற மென்மயிர்தான் வெல்வெட்டு. தொட்டால் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததாக நடிக்கும். சிறிது நேரம் பொறுத்திருந்தால் ஒவ்வொரு காலாக வெளியே வரும். பொறுமை என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. இத்தனை சின்ன உயிர், ஒளிந்துகொள்ள வழியே இல்லாத நிறத்தில், பட்டப்பகலில், ஓணானும் குருவியும் உலவுகிற வெட்டவெளியில் அச்சமின்றி நடக்கிறது. அந்த நிறமே அதன் காவல். “வாயில் வைத்தால் கசப்பேன்” என்பதை அது நடந்து நடந்து அறிவிக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை ஊறி வந்ததும் சில நாட்கள் மட்டும் மேலே வந்து இரை தேடி, இணை தேடிப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் இளசுக்கு ஆறே கால்கள். அது வெட்டுக்கிளி முதலானவற்றின் மேல் தொற்றிக்கொண்டு சாறு உறிஞ்சி வளரும். ஆறு என்று கத்திய பிள்ளையும் முழுக்கத் தப்பில்லை.

எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் இவற்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் புல் போட்டு வளர்த்தோம். புல் தின்னாத உயிருக்குப் புல். அடுத்த மழைக்கு இன்னொரு தீப்பெட்டி. இன்றைய பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் பார்க்கக் கற்றுக்கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மருந்தடித்த தோட்டங்களில் இவை கண்ணில் படுவதே அரிது.

காலையைப் பார்த்தோம், இனி மாலை. பகலில் மழை பெய்து, பொழுது சாயும்போது காற்று அசையாமல் புழுங்குகிற ஒரு மாலை வரும். அன்றைக்குத்தான் ஈசல் புறப்படும். ஒரு புற்றில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்துப் புற்றுகளில் எல்லாம் ஒரே நேரத்தில். யார் மணியடித்தார்கள்? ஈரமும் வெப்பமும் காற்றும் ஒளியும் கூடிவருகிற அந்த ஒரு வேளையை மண்ணுக்கடியில் கண் தெரியாமல் வாழ்கிற கறையான்கள் கணிக்கின்றன. வேலைக்காரக் கறையான்கள் புற்றின் சுவரில் கீறல்களைத் திறந்துவிடும். சிப்பாய்க் கறையான்கள் வாசலில் காவல் நிற்கும். உள்ளே காத்திருந்த இறகு முளைத்த இளையவை ஆயிரக்கணக்கில் புகையாய்க் கிளம்பும். தவளை, பல்லி, ஓணான், கரிச்சான், காக்கை, தெருநாய், எறும்பு என ஊரே விருந்துக்கு வரும். பாட்டிமார்கள் விளக்கடியில் தண்ணீர்ச் சட்டி வைத்துப் பிடித்து, வறுத்து, பொரியரிசியோடு பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த காலமும் உண்டு. ஒரே நேரத்தில் புறப்படுவதன் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. தின்பவர்கள் எத்தனை பேர் வந்தாலும் வயிறு நிரம்பிவிடும். அதற்கு மேலும் ஈசல் மிஞ்சும். பக்கத்துப் புற்றின் இளையவை அதே காற்றில் இருப்பதால் வேற்றுக் குடும்பத்து இணையும் கிடைக்கும்.

மறுநாள் காலை பள்ளி வராண்டாவில், டியூப்லைட்டுக்குக் கீழே, இறகுகள் குவிந்து கிடக்கும். வாரிக் குப்பையில் கொட்டுவதற்கு முன், ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமாக, மங்கலான கண்ணாடி நிறத்தில், மேல்விளிம்பில் மட்டும் தடித்த நரம்புகளோடு இருக்கும். ஒவ்வோர் ஈசலுக்கும் நான்கு இறகுகள். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு. பத்துப் பதினைந்து இறகுகளைப் பொறுக்கி அடுக்கினால் இன்னொன்றும் தெரியும்: எல்லாமே ஒரே இடத்தில், நேராக ஒடிந்திருக்கும். பிய்ந்ததாகவோ கிழிந்ததாகவோ ஒன்றுகூட இராது. இறகு முளைக்கும்போதே அதன் அடியில் ஒடிவதற்கான கோடும் சேர்ந்தே அமைந்துவிடுகிறது. தரையிறங்கிய ஈசல் உடம்பை வளைத்து, இறகை ஒரு நெளி நெளிக்கும். கோட்டில் ஒடிந்து விழும்.

இலைக்காம்பின் அடியில் வைத்த அதே ஏற்பாடு. எங்கோ குளிர்நாட்டில் ஒரு மரம், இங்கே ஆண்டிபட்டிக் கரட்டோரம் ஒரு கறையான். ஒன்று தாவரம், ஒன்று விலங்கு. கொடிவழியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. உதிர வேண்டியதை, உதிரும் இடத்தோடு சேர்த்தே படைத்திருக்கிறது ஒரே கை. ஒற்றுமை அத்தோடு முடியவில்லை. மரம் இலையிலிருந்து சத்தை உள்ளிழுத்துக்கொள்வதைச் சொன்னேன். ஈசலும் இறகை உதிர்த்தபின், பறப்பதற்கென்று நெஞ்சில் வளர்த்திருந்த தசையை மெல்லக் கரைத்துக்கொள்ளும். மண்ணுக்குள் வெளியுணவின்றி அடைந்து கிடக்கும் முதல் நாட்களில் அந்தச் சத்துதான் தாங்கும். ஐப்பசியில் இங்கே இலை உதிர்வதில்லை. உதிர்வது ஈசலின் இறகு. சுவரட்டை வரைந்தவருக்கு இது தெரியாது.

இறகு உதிர்ந்த பெண் ஈசல் வயிற்றைச் சற்றுத் தூக்கி வாசனை விடும். ஆண் வந்து பின்னால் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், வராண்டா ஓரமாக விறுவிறுவென்று ஓடும். “ரயிலு டீச்சர், ரயிலு!” என்று பிள்ளைகள் பின்னாலேயே தவழ்ந்து போவார்கள். அந்த ரயில் போய்ச் சேருகிற இடம் ஈரமண்ணில் ஒரு சிறு துளை. உள்ளே போனபின் அரசனும் அரசியும் வெளியே வருவதில்லை. கோடியில் ஒரு ஜோடி தப்பிப் பிழைத்தாலும் போதும். அந்த அரசி பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். முதிர்ந்தபின் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

புற்றுக்குள் நடப்பது விவசாயம். நம் ஊர்ப் புற்றுக்கறையான்கள் தின்ற மரத்தூளையும் சருகையும் கொண்டு உள்ளே தோட்டம் அமைத்து, அதில் ஒரு வகைக் காளானை வளர்க்கின்றன. மரத்தின் கடினமான நாரைக் காளான் பக்குவப்படுத்தித் தருகிறது. கறையான் அதை உண்கிறது. மனிதன் ஏர் பிடித்து 10,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. கறையான்கள் இந்தப் பயிரை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாகச் செய்கின்றன. மருந்து இல்லை, கடன் இல்லை, விலை விழுந்து தக்காளியை ரோட்டில் கொட்டுகிற வேதனையும் இல்லை. ஐப்பசி மழையில் புற்றின் மேல் குடை விரித்து முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் பூ. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று கரட்டுக்குப் போய்ப் பறித்து வருகிற நம் ஊர்க்காரர்கள், கறையானின் வெள்ளாமையில் கை வைக்கிறார்கள் என்பதை அறிவார்களோ என்னவோ.

வேலியோரத்தில் எருக்கு இல்லாத பள்ளிக்கூடம் தென்மாவட்டங்களில் இருக்க முடியாது. அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளோடு ஒரு புழு இருக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. எருக்கம்பால் கண்ணுக்கே ஆகாது என்று நம்மை வீட்டில் விரட்டுவார்கள். இந்தப் புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுவிட்டு, அதற்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்கிறது. மிஞ்சிய விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்து, இறகு முளைத்தபின்னும் அதையே காவலாகக் கொள்கிறது. ஒரு முறை தின்ற குருவி மறுமுறை வாய் வைக்காது. பிள்ளைகள் எருக்கைத் தொடாமல் பார்க்கட்டும். பார்த்தாலே போதும்.

அதே வேலியில் செங்காந்தள் ஏறியிருந்தால் அது தனி விருந்து. கார்த்திகை நெருங்கும்போது மஞ்சளும் சிவப்புமாக இதழ்களைப் பின்னால் மடித்துக்கொண்டு மலரும் நம் மாநிலப் பூ. கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். பூ முதிர முதிரச் சிவப்பு கூடும். ஆனால் கிழங்கிலிருந்து விதைவரை அத்தனையும் நஞ்சு. அதிலுள்ள கோல்ச்சிசின் உயிரையே குடிக்கக்கூடியது; அதையே அளந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. கிள்ளக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது என்பதைப் பூவைக் காட்டும்போதே சொல்லிவிட வேண்டும்.

தலைக்கு மேலே வருகிறேன். மழை இடைவெளியில் வெயிலடிக்கும்போது மைதானத்துக்கு மேல் தட்டான்கள் கூட்டமாக வட்டமிடும். பழுப்பும் மஞ்சளும் கலந்த உடம்பு, பின்னிறகு அகலம். உட்காரவே உட்காராது. அறிவியலில் பாண்டலா ஃபிளாவெசென்ஸ். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. அந்தத் தட்டான் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடலுயிரியலாளருக்கு ஒரு சந்தேகம். ஆறோ குளமோ இல்லாத பவளத் தீவுகளில், ஒவ்வோர் அக்டோபரிலும் நன்னீரில் மட்டுமே முட்டையிடக்கூடிய தட்டான்கள் லட்சக்கணக்கில் எப்படி வந்து சேர்கின்றன? ஆண்டாண்டாக நாட்களைக் குறித்துவைத்து, 2009-இல் தன் முடிவை வெளியிட்டார். தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டு, மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்பது அவர் கணிப்பு. தரையில் நமக்கு மழையைக் கொண்டுவருகிற வடகிழக்குக் காற்றுதான், மேலே 1,000 மீட்டருக்கும் உயரத்தில் அவற்றைச் சுமந்துபோகிறது. போவதும் திரும்புவதுமாக 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரு தட்டானின் ஆயுளில் முடிகிற பயணமல்ல. நான்கு தலைமுறைகள் சேர்ந்து ஒரு சுற்றை முடிக்கின்றன. மழை எங்கே பெய்கிறதோ அங்கே இறங்கி, தேங்கிய குட்டையில் முட்டையிட்டு, குஞ்சுகள் ஒன்றரை இரண்டு மாதத்தில் வளர்ந்து, அடுத்த மழையைத் துரத்திக் கிளம்புகின்றன. வழி சொல்ல அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை.

நாமோ அதன் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கச் சொன்னோம். சமுத்திரம் தாண்டப் பிறந்ததைக் கூழாங்கல் தூக்க வைத்தோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். பல்லாயிரம் சிறு கண்கள் சேர்ந்தமைந்த அதன் இரண்டு பெரிய கண்களை, ஒரு குழந்தை நூலில்லாமல், அருகில் நின்று, ஒரு நிமிடம் பார்த்தால் அது போதாதா?

வலசை வருகிறவர்களையும் விட்டுவிடக்கூடாது. மத்திய ஆசியாவிலிருந்து சோளப்பட்சிகள் கதிர் முற்றும் காலம் பார்த்துத் தமிழகச் சோளக்காடுகளுக்கு வரும். இமயத்திலிருந்து வாலாட்டிக் குருவிகள் வந்து நீரோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். காலில் வளையமிட்டுப் பார்த்தபோது ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்புகிற வாலாட்டிகள் உண்டு என்று தெரிந்தது. அத்தனை தூரம் பறந்து அதே வரப்பு, அதே வாய்க்கால். சமவெளியில் சில மாதங்கள் கழித்த நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகளும் இதே பருவத்தில் மேற்கு மலைகளை நோக்கித் திரும்பும்.

இத்தனையும் பள்ளிச் சுவருக்கு வெளியே இலவசமாக நடக்கிறது. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. 2001-இல் தேசிய பசுமைப் படை வந்தது. நம் தொடக்கப் பள்ளிகளில் சூழ்நிலையியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. நல்ல படங்களோடு நன்றாகவே இருக்கிறது. குறை புத்தகத்தில் இல்லை. வேர், தண்டு, இலை என்று பாகம் குறிப்பதைக் கரும்பலகையில் வரைந்து முடித்துவிடுகிறோம். செடி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது வகுப்பை மரத்தடியில் வைத்தார். ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் பள்ளத்தாக்கு 1991-இல் பறவைகளுக்கான காப்பிடமாகவே அறிவிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். குமுளி போய்ச் சேர்ந்தால் கேரளம். அங்கே பள்ளிப் பிள்ளைகள் ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் ஆளுக்கொரு மரத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை போய், தளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு என்று குறித்துவருகிறார்கள். பருவநிலை மாறுவதை அறிய விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது, 15 நிமிடம் நின்று பார்த்து எழுதினால் நீங்களும் அதில் ஆள்தான்.

ஆசிரியர்களின் தயக்கமும் எனக்குத் தெரியும். மழைக்காலம், பாம்பு வரும், பிள்ளை நனைந்தால் சளி பிடிக்கும், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம். அதற்கு விடை பிள்ளையை உள்ளேயே வைப்பதல்ல. செருப்பில்லாமல் யாரும் வரக்கூடாது. புற்றிலோ பொந்திலோ கல்லிடுக்கிலோ கைவிடக்கூடாது. இடி கேட்டால் அந்த நொடியே உள்ளே. அணைக்கரை, வாய்க்கால், கண்மாய்ப் பக்கம் கூடவே கூடாது. அதற்குப் பள்ளி வேலியே தாராளம். இதற்கு மேல் தேவைப்படுவது ஒரு லென்ஸ். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும்.

டீச்சருக்குப் பெயரெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. “இது என்னா டீச்சர்?” என்று கேட்டால், “எனக்கும் தெரியலடா, வா, பாப்போம்” என்று பக்கத்தில் குத்தவைத்து உட்கார்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். ஒரு கறையானின் இறகுக்கு ஒடியும் கோடு வைத்தவனுக்கு முன்னால் எம்.எஸ்ஸி., பி.எட்.டும் ஒன்றாம் வகுப்பும் ஒன்றுதான்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். வெல்வெட்டுப் பூச்சி அதுவரைகூடக் காத்திருக்காது. சில நாட்களில் மண்ணுக்குள் போய்விடும். இந்த ஐப்பசியில் மழை விட்ட மறுநாள், காலை வழிபாடு முடிந்த கையோடு, ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் வேலியோரம் அழைத்துப் போக அனுமதி கொடுங்கள். துப்புரவுப் பணியாளரிடம் வராண்டாவை அன்று கொஞ்சம் தாமதமாகப் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம், அது போதும்.